உட்காரத் தெரியாதவளோடு கடற்கரைக்கு

வார்டம்மா போன பிறகு துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிக் கதைகளையே சொன்னார்கள். யாருக்கோ ரத்தம் தேவைப்பட்டபோது அவள் ஓடிய ஓட்டம், பெரிய டாக்டரையே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னது, இப்படி. அவள் கணவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அவர் வாய் திறந்தபோது சொன்னது இருவரும் போய்வந்த சுற்றுலாவைப் பற்றி. அதில் அவள் யாரையும் காப்பாற்றவில்லை. அதனாலேயே அவருக்கு அது பிடித்திருந்தது போலும்.

அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். வீட்டிலும் தெருவிலும் அவர் டிரைவர்தான். அவள் ஆண்கள் அறுவைச் சிகிச்சை வார்டில் ஆயாவாகச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவள். விடியற்காலையில் அவர் பஸ் எடுக்கக் கிளம்பும்போது அவள் இரவு வேலை முடிந்து மாடிப்படி ஏறி வருவாள். வீட்டுச் சாவி படிக்கட்டிலேயே கைமாறும். அவர் திரும்பி வரும்போது அவள் அடுத்த வேலைக்குத் தலை வாரிக்கொண்டிருப்பாள்.

"நம்ம குடும்பம் படிக்கட்டுலயே நடக்குது" என்று அவர் அலுத்துக்கொண்டால், "நல்லதுதான். ஒண்ணா இருந்திருந்தா எப்பவோ அடிச்சிக்கிட்டுப் பிரிஞ்சிருப்போம்" என்பாள்.

ஓய்வு பெற்ற பிறகும் அவளுக்கு உட்கார வரவில்லை. டீவியைக்கூடக் கையில் துடைக்கிற துணியோடு நின்றுகொண்டே பார்ப்பாள். நாற்காலியில் உட்கார்ந்தாலும் ஓரத்தில்தான், யாரோ மணியடித்துக் கூப்பிடப் போவது போல.

சுற்றுலாவுக்கு ஏற்பாடு செய்தவள் மகள். தென்கிழக்கே கடல் தாண்டி இரண்டு பெரிய நகரங்கள், கடைசியில் ஒரு தீவின் கடற்கரை. டிரைவர் தன் ஆசையை மகளிடம் மட்டும் சொல்லி வைத்தார்.

"ஊரு பாக்கறதெல்லாம் இருக்கட்டும்மா. உங்கம்மா ஒரு பொழுது என் பக்கத்துல சும்மா உட்காரணும். எனக்கு அது போதும்."

"அம்மாவா? கடற்கரையவே பெருக்கிட்டு வருவாங்கப்பா" என்றாள் மகள்.

முதல் நகரத்தில் கட்டடங்கள் எல்லாம் கண்ணாடி. அண்ணாந்து பார்த்துப் பார்த்து டிரைவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. அவளுக்கு அண்ணாந்து பார்க்க நேரமில்லை. காலையில் எழுந்ததும் ஓட்டல் கட்டிலின் விரிப்பை இழுத்து, மூலைகளை மடித்துச் செருகி, ஒரு சுருக்கம் இல்லாமல் தடவி விட்டாள். ஒருவர் படுத்திருந்த சுவடு அடுத்தவர் கண்ணில் படக் கூடாது என்பது அவள் வார்டில் சட்டம். காலியான கட்டிலுக்கு வருகிற புது நோயாளி, முன்னால் படுத்திருந்தவன் என்ன ஆனான் என்று யோசிக்கக் கூடாதாம். குளியலறையை ஈரம் போகத் துடைத்தாள். பெட்டி இரண்டையும் அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். கீழே இறங்கியதும், வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் அறைச் சாவி அட்டையை நீட்டி, கும்பிட்டுவிட்டு வந்தாள்.

"அத எதுக்குக் குடுத்த?"

"வேலை முடிஞ்சு கிளம்பறப்ப சாவிய ஒப்படைக்காம எப்படிங்க வர்றது?"

சாயங்காலம் திரும்பி வந்தபோது மேசையில் வேறு ஒரு ஆள் இருந்தான். அட்டை என்று எதுவும் இல்லை என்று கையை விரித்தான். சரி, அறையைக் கூட்ட வந்தவர்கள் யாராவது உள்ளே இருப்பார்கள் என்று இருவரும் மேலே போய்க் கதவைத் தட்டினார்கள். இடுப்பில் துண்டு மட்டும் கட்டிய, தென்னை உயரத்துக்கு ஒரு வெள்ளைக்காரர் கதவைத் திறந்தார். டிரைவர் ஓரடி பின்வாங்கினார். அவள் அந்த மனிதரின் கைக்கு அடியில் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அதுக்குள்ள எப்படிக் கசக்கி வெச்சிருக்கார் பாருங்க" என்றாள்.

அறை இருந்த இருப்பையும் வந்து சேர்ந்த சாவியையும் பார்த்து, இவர்கள் காலி செய்துவிட்டுப் போய்விட்டதாக ஓட்டல்காரர்கள் முடிவு கட்டியிருக்கிறார்கள். பெட்டிகளை யாரோ மறந்துவிட்டுப் போனதாக நினைத்துக் கீழே பத்திரமாக வைத்திருந்தார்கள். கூட்டிப்போன டூர் மேனேஜர் ஓடி வந்து, தொந்தி குலுங்கச் சிரித்து, வேறு அறை வாங்கிக் கொடுத்தார். மறுநாள் பஸ்ஸில் மொத்தக் கூட்டமும் சிரித்தது. "ஆன்ட்டி, நாளைக்கு எங்க ரூமுக்கும் ஒரு நடை வந்துட்டுப் போங்க" என்றாள் பின்சீட்டில் ஒருத்தி.

அவளும் சிரித்தாள். ஆனால் இரண்டாவது நகரத்தில் இறங்கியதும் மெதுவாகச் சொன்னாள்:

"நாம வீட்டுக்குப் போயிடலாங்க. நம்ம பாப்பாவுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க, டிக்கெட்ட மாத்துவா."

"ஏன், சிரிச்சாங்கன்னா?"

"சிரிக்கட்டும், அதுக்கென்ன. எனக்கு இங்க என்ன வேலைன்னு தெரியல. கை ரெண்டையும் எங்க வெக்கறதுன்னே தெரியல. உங்களுக்கும் என்னால தலையிறக்கம்."

அவள் கேட்டு டிரைவர் எதையும் மறுத்ததில்லை. அவள் கேட்டதே குறைவு. இப்போது சரி என்று சொன்னால் தன் ஆசை அதோடு போயிற்று. மாட்டேன் என்றால் மிச்ச நாள் முழுக்க அவள் தனக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பாள்.

"கடல மட்டும் பாத்துடுவோம். அதுக்கப்புறமும் போகணும்னு தோணினா போயிடலாம்" என்றார்.

"சரி. கடல் மட்டும்."

அந்த நகரத்தின் கால்வாய்களையும் கடைத்தெருக்களையும் அவர்கள் சரியாகவே பார்க்கவில்லை. அவள் அவருக்கு முன்னால் வேகமாக நடந்துகொண்டிருந்தாள், எதையோ முடித்துவிடுகிறவள் போல.

தீவில் இறங்கியபோது வெயில் இளசாக இருந்தது. மணல் மாவு போல இருந்தது. குடைக்குக் கீழே சாய்வு நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். டிரைவர் ஒன்றில் சாய்ந்து, பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். அவள் அதன் ஓரத்தில் உட்கார்ந்தாள். கடலை ஒரு முறை பார்த்தாள்.

"பெரிசாத்தான் இருக்கு" என்றாள்.

பிறகு எழுந்துவிட்டாள். பக்கத்து நாற்காலியில் யாரோ சுருட்டிப் போட்டிருந்த ஈரத் துண்டை உதறி மடித்தாள். அடுத்ததில் இருந்ததையும் மடித்தாள். வரிசையின் கடைசி வரை போய்விட்டாள். வெள்ளைக்காரக் குழந்தைகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. இன்னும் சிறிது நேரத்தில் திரும்பி வந்து, "பாத்தாச்சு, கிளம்பலாமா?" என்பாள். டிரைவருக்கு அது நன்றாகத் தெரிந்தது.

வாழ்நாள் முழுக்கக் குழந்தைகளிடம் பொய் சொல்லக் கூடாது என்று அதட்டி பஸ் ஓட்டியவர், நெற்றியில் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"இந்தா, எனக்கு ஒரு மாதிரி தலை சுத்துது."

துண்டு எங்கே விழுந்ததோ தெரியாது. அடுத்த நொடி அவள் பக்கத்தில் இருந்தாள். இந்த முறை ஓரத்தில் இல்லை, நன்றாக உள்ளே தள்ளி உட்கார்ந்திருந்தாள். ஒரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். இன்னொரு கையால் கண் இமையைத் தூக்கிப் பார்த்தாள். உதடுகள் அசைய, எண்ணினாள். பிறகு எண்ணுவதை நிறுத்தினாள்.

"நாடி நல்லாத்தான் அடிக்குது."

அவர் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார்.

"கண்ணத் திறங்க. முகத்துல ரத்தம் ஓடுது, வேர்வை இல்ல. எத்தன பேர் வேலைக்குப் போகாம இருக்க என் வார்டுல வந்து படுத்திருப்பாங்க தெரியுமா? அவங்கெல்லாம் உங்களவிட நல்லா நடிச்சாங்க."

டிரைவர் கண்ணைத் திறந்தார்.

"நோயாளி பக்கத்துலதான் நீ உட்காருவ."

அலை ஒன்று வந்து நாற்காலிக் காலைத் தொடாமல் திரும்பிப் போனது.

"அதுக்குத்தான் இவ்ளோ தூரம் கூட்டிட்டு வந்தீங்களா?"

"ஆமா."

"வீட்டுலயே சொல்லியிருந்தா உட்கார்ந்திருக்க மாட்டேனா?"

"மாட்ட."

"மாட்டேன்தான்" என்று ஒத்துக்கொண்டாள்.

கரையில் படகு வந்து நின்றது. எதிரே தெரிந்த பவளப் பாறைக்குக் கூட்டிப்போகிற படகு. மொத்தக் கூட்டமும் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கியது. டூர் மேனேஜர் மூச்சு வாங்க மணலில் ஓடி வந்தார்.

"ஆன்ட்டி, அங்கிள், படகு ரெடி. சீக்கிரம் வாங்க."

டிரைவர் எழுந்திருக்கப் பார்த்தார். அவர் மணிக்கட்டை அவள் இன்னும் விடவில்லை. இப்போது லேசாக அழுத்தினாள்.

"நாங்க வரல தம்பி. நீங்க போயிட்டு வாங்க. இவருக்கு உடம்பு சரியில்ல."

"ஐயையோ, என்ன ஆச்சு? டாக்டர கூப்பிடட்டுமா?"

"வேணாம், நான் பாத்துக்கறேன்" என்றாள் வார்டம்மா, காலை நீட்டிச் சாய்ந்துகொண்டே. "பக்கத்துல ஆள் இருந்தா போதும். சாயங்காலத்துக்குள்ள சரியாயிடும்."