ப்ளூரேயில் போட்ட கல்யாணம்

பெரம்பலூரில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். புதுசு என்றால் எனக்குப் பைத்தியம். யாரும் கேட்காமலே எறையூர்க் கல்யாணம் ஒன்றை டிவிடிக்குப் பதில் அதைவிடத் தெளிவாகத் தெரியும் ப்ளூரே டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தேன்.

கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் பெண்ணின் அப்பா இறந்துபோனார். அவரைப் பார்க்கக் குடும்பமே டிவி முன் உட்கார்ந்தது. அவர்களுடைய பழைய டிவிடி பிளேயரில் எதுவும் வரவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள்.

அதில் ப்ளூரே ஓடாதுதான். ஆனால் டிஸ்க்கில் சரியாகப் பதிவாகியிருக்கிறதா? நான் ஓட்டிப் பார்க்கவேயில்லை. கேமரா கார்டிலும் கம்ப்யூட்டரிலும் இருந்ததை அடுத்த கல்யாணத்துக்காக அழித்துவிட்டிருந்தேன். டிஸ்க்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பெண்ணின் அம்மா வாசல்வரை வந்தார்.

"தெளிவா இல்லாட்டியும் பரவால்ல தம்பி, பழையபடி டிவிடியிலயே போட்டுக் குடுங்க. அவரு இருந்தாப் போதும்."

இருக்கிறார் என்று தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தேன்.