முதலை போட்ட ஒரு கினா

மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி, துண்டில் துடைத்த பிறகுதான் சாமித்துரை அண்ணாச்சி காசைத் தொடுவார். கடலைமிட்டாய்ப் பாகு கிண்டுகிற கை. பிசுக்குப் பட்டால் காசு கறுத்துவிடுமாம். கல்லாக் காசை மட்டும் அதே கையால் அள்ளிப் போடுவார். "அது செலவுக் காசு. இது வேற" என்பார்.

'இது' என்றால் வெளிநாட்டு நாணயங்கள். ஆல்பம் வாங்க யார் அலைவது? மனைவி சங்கரம்மாள் வீட்டில் ஒட்டுகிற தீப்பெட்டிக் கூடுகள்தான் பெட்டகம். மேலே பென்சிலில் நாட்டின் பெயர். இதில் ராஜா, பப்புவா நியூ கினி. எழுபத்தைந்தில் விடுதலை வாங்கிய கையோடு அந்தத் தீவுக்காரர்கள் அடித்தவை. ஐந்து சில்லறை முன்பே சேர்ந்துவிட்டன. பெரிய காசான ஒரு கினா மட்டும் பதினோரு வருஷம் டிமிக்கி கொடுத்துவிட்டு, போன மாதம் தூத்துக்குடிக் கப்பல்காரர் ஒருவர் புண்ணியத்தில் வந்தது. நடுவே ஓட்டை, இருபுறமும் முதலை.

"சுதந்திரம் கெடச்சதும் எங்க ஊரு முதலைன்னு காசுல போட்டுட்டான் பாருங்க. தைரியசாலில்லா!" என்று தெருவில் ஒருவரை விடவில்லை. எனக்கே நாலு தடவை காட்டினார்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூடு காலி. காலையில்தான் சங்கரம்மாள் ஓட்டைப் பித்தளைச் செம்பைப் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கியிருந்தார். அதோடு போய்விட்டது என்று இவரே முடிவு கட்டிவிட்டார். பின்கட்டில் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்த மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மனுஷனுக்கு ஏது பொறுமை? மழைச் சகதியில் கழுகுமலை ரோட்டில் சைக்கிளை மிதித்து, பழக்காரரை மறித்து, சாக்கைத் தலைகீழாகக் கொட்டியும் இல்லை. முழங்கால் வரை கரிசல் அப்பித் திரும்பினார். அழுதுவிடுவார் போலிருந்தது.

பிரசவத்துக்கு வந்திருந்த மகள் பிரேமா, குளித்த குழந்தையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். பதினாறு நாள் பேரன். இடுப்பில் புதுக் கறுப்புக் கயிறு. கயிற்றில் இரண்டு முதலை.

"ஏட்டி! இதை எவ கட்டுனா?"

"நாந்தான் கட்டுனேன். எங்க வீட்டுல பிள்ளைக்குக் கண்ணு படாம ஓட்டைக் காலணா கட்டுவோம்லா? ஓட்டை இருந்துச்சு, எடுத்தேன். கொஞ்சம் பெருசுன்னு பாத்தேன்" என்றார் சங்கரம்மாள்.

அண்ணாச்சி சகதிக் கையோடு அந்தக் காசைப் பற்றிக்கொண்டு, "அப்பாடா, என் ஐயா, நீயா வச்சிருக்க" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்தார். கண்ணும் கலங்கியது.

"அவுத்துத் தரவாப்பா?" என்றாள் பிரேமா.

"வேண்டாம் தாயி. கயிறு பத்தாமப் போறப்ப வாங்கிக்கிடுதேன்."

பிறகு எழுந்துபோய்க் கையை மூன்று தடவை கழுவித் துடைத்தார். காலிக் கூட்டை எடுத்து, பப்புவா நியூ கினிக்குக் கீழே பென்சிலால் எழுதினார்: 'இரவல்.'