சீழ்க்கட்டி என்று எழுதிய காயம்

லூசியன் மிஷோ உட்கார்ந்து பார்த்தவர்கள் பிரெஞ்சு பேசும் எங்கள் ஆற்றங்கரையில் அதிகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரமாக நிற்பார். சீட்டாட்டத்தில் சீட்டைக் கையில் பிடித்தபடி மேசையைச் சுற்றிச் சுற்றி வருவார். அடுத்தவர் சீட்டு அவர் கண்ணில் படும் என்பதால் அவரோடு ஆட ஆள் கிடைக்காது. இப்படிப்பட்ட மனுஷன் காலமெல்லாம் உருளைக்கிழங்கு லாரி ஓட்டினாரே, அது எப்படி என்று கேட்டால், "ஒரு பக்கமா உக்காந்துதான்" என்பார் மனைவி இவெத். கதையே அந்த இன்னொரு பக்கத்தைப் பற்றித்தான்.

வியட்நாம் போரில், இருபது வயதில், பீரங்கிக் குண்டின் சிதறல் ஒன்று லூசியனின் இடது பிட்டத்தில் ஏறியது. நெஞ்சில் பட்டிருந்தால் ஊருக்குச் சொல்லலாம். பட்ட இடம் அப்படி. கல்யாணத்துக்கு முன்னால் இவெத்திடம் மட்டும் சொன்னார், எப்படியும் தெரியப்போகிறதே என்று. இவெத் அந்த ரகசியத்தைக் கட்டிக் காத்தார். தன் தங்கையிடம் மட்டும்தான் சொன்னார். அதாவது பாதி ஊருக்குத் தெரியும்.

தெரியவே கூடாதவர் ஒருவர்தான். லூசியனின் அம்மா லெயோந்தின்.

போர் முடிந்து வந்த லூசியனின் விடுவிப்புச் சான்றிதழில் பதக்கங்கள் வரிசை அரைகுறையாக இருந்தது. அங்கே போன எல்லோருக்கும் கிடைக்கும் சாதாரணப் பதக்கம்கூட அதில் இல்லை. அவர் அதை அலமாரியில் போட்டு மறந்துவிட்டார். போன வருஷம் மாவட்ட முன்னாள் படைவீரர் அலுவலகத்தில் இருக்கும் குளோதெத் என்ற பெண் அதைப் பார்த்துவிட்டு, இது என்ன அநியாயம் என்று எழுதிப்போட, விடுபட்டதைச் சேர்த்து ஒரு திருத்தத் தாள் வந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். இவெத்துக்கு ஆசை வந்துவிட்டது. காயம்பட்டவர்களுக்குத் தருகிற பர்ப்பிள் ஹார்ட் மட்டும் ஏன் இல்லை என்று கேட்டார். அதற்கு மருத்துவக் குறிப்பு வேண்டும் என்றார் குளோதெத். எழுதிக் கேட்டார்கள்.

உறை வந்தது ஒரு சனிக்கிழமை. அன்றைக்குப் படைவீரர் மன்றத்தில் வேகவைத்த அவரைப்பருப்பு விருந்து. இவெத் அதை வீட்டில் வைத்துப் பிரித்திருக்க வேண்டும். பெருமை யாரை விட்டது. மன்றத்துக்குக் கொண்டுபோய், எல்லோரும் தட்டோடு உட்கார்ந்த பிறகு, "ஒமேர், நீ வாசி, என் கண்ணாடி வீட்டுல" என்று நீட்டினார்.

ஒமேர் மன்றத்தின் பொருளாளர். ராணுவக் காலம் முழுவதும் ஜெர்மனியில் சமையற்கட்டில் இருந்தவர். எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, சத்தமாக வாசித்தார். இடது பிட்டத்தில் சீழ்க்கட்டி, கீறி, சுத்தம் செய்யப்பட்டது, பணிக்குத் திரும்பினார்.

ஒமேர் தாளை மடித்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். "கட்டிக்கெல்லாம் பதக்கம்னா எனக்கு நாலு வரணுமே" என்றார்.

சிரித்தார்கள். லூசியனும் சிரித்தார், வேறென்ன செய்வார். அடுத்த சனிக்கிழமை அவருடைய நாற்காலியில் யாரோ ஒரு தலையணையைப் போட்டு வைத்திருந்தார்கள். யார் போட்டது என்று இன்றுவரை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு அவர் மன்றத்துக்குள் போவதை விட்டுவிட்டு, வாகனம் நிறுத்தும் இடத்திலேயே உலாத்திவிட்டு வந்துவிடுவார். பொய்யன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மூக்கை உடைத்திருப்பார், மனசு ஆறியிருக்கும்.

இவெத் ஒருநாள் கேட்டேவிட்டார். "என்கிட்ட சொன்னது நிஜந்தானே?"

ஐம்பது வருஷம் கூட வாழ்ந்தவள் இப்படிக் கேட்டது, குண்டு பட்டதைவிட வலித்தது. லூசியன் வெளியே போய் இருக்கிற விறகையெல்லாம் பிளந்து தள்ளினார். உள்ளே வந்ததும் தெற்கே அர்கன்சா மாநிலத்துக்குத் தொலைபேசினார்.

அங்கேதான் ஹார்லன் ப்ரூயிட் இருந்தார். லூசியன் இருந்த படைப்பிரிவின் மருத்துவ உதவியாளர், சிதறலைத் தன் கையால் தோண்டி எடுத்தவர். சீழ்க்கட்டி என்று எழுதியவரும் அவரேதான். லூசியன் கெஞ்சியதால் எழுதினார். காயம் என்று எழுதினால் வீட்டுக்குத் தந்தி போகும். போகவேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு, அதற்கொரு கட்டம் இருக்கிறது, அதில் குறி போட்டால் போதும் என்று ஹார்லன் அன்றைக்கே எடுத்துச் சொன்னார். லூசியன் நம்பவில்லை. ராணுவம் வேண்டாம் என்றால் அனுப்பும், அனுப்பு என்றால் தொலைத்துவிடும் என்பது எங்கள் பக்கத்துப் பையன்களின் கணக்கு. காயமே இல்லை என்று எழுது, அப்போதுதான் தந்தி வராது என்று குப்புறப் படுத்தபடியே அடம்பிடித்தார்.

"ஏன்டா ஃப்ரெஞ்சி, ராணுவத் தாள்ல நான் பொய் எழுதினேன்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமா?" என்றார் ஹார்லன், தொலைபேசியில். பேத்தி கல்யாணம், முழங்கால் வலி என்று என்னென்னவோ பேசிவிட்டு வைத்துவிட்டார். ஆனாலும் சில வாரம் கழித்து அவருடைய வாக்குமூலம் வந்து சேர்ந்தது, நோட்டரி முத்திரையோடு.

குளோதெத் அதைச் சேர்த்து, பதிவைத் திருத்தும் வாரியத்துக்கு அனுப்பினார். திரும்பி வந்துவிட்டது. ஒரு சிப்பாய் தன் காயத்தைத் தானே மறைக்கச் சொல்ல என்ன காரணம், விண்ணப்பத்தில் அது இல்லையே என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்விதான். லூசியன் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தார்.

"எழுது" என்றார் இவெத்.

"எழுதமாட்டேன்."

"அப்ப ஆயுசு பூரா கட்டிக்காரனாவே இரு."

லூசியன் சமையலறை மேசையைச் சுற்ற ஆரம்பித்தார். இவெத் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்ல இவெத் எழுதினார். பாதியில் இவெத்துக்கே எழுத்து கலங்கிப்போனது, ஏனென்றால் அவரும் இதை முழுசாகக் கேட்டதில்லை.

லூசியனின் அண்ணன் அர்மான் வியட்நாமில் செத்த சேதி வந்தது செப்டம்பரில், கிழங்கு தோண்டும் காலத்தில். பள்ளிக்கூடமெல்லாம் அறுவடைக்காக மூடிக்கிடந்தது. வீட்டில் எல்லோரும் வயலில். பங்குச் சாமியாரும் சீருடை போட்ட ஒருவரும் வரப்பில் வருவதை எல்லோரும் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தார். பார்த்துவிட்டுக் குனிந்து கிழங்கு பொறுக்கினார். அவர்கள் வந்து பக்கத்தில் நின்றார்கள். அம்மா நிமிரவில்லை. அந்தச் சால் முடிகிறவரை, கூடை கூடையாகப் பொறுக்கிப் பீப்பாயில் கொட்டிக்கொண்டே போனார். சாமியார் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கூடவே நடந்தார். சால் முடிந்த இடத்தில்தான் அம்மா நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்குப் படுத்தவர் குளிர்காலம் முழுவதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். யாரோடும் பேசவில்லை. அக்காதான் பக்வீட் என்கிற தானிய மாவில் தோசை சுட்டுப் போட்டு மற்றப் பிள்ளைகளை வளர்த்தாள். அடுத்த கோடையில் லூசியனுக்கு ராணுவ அழைப்பு வந்தது.

"இன்னொரு தடவை யாராவது அந்த வரப்புல நடந்து வந்திருந்தா எங்கம்மா செத்திருப்பா" என்றார் லூசியன். "அதைப் போடு. வேற காரணம் இல்ல."

இவெத் அதையே போட்டார்.

வாரியத்துக்கு மனசு இருக்கிறதோ என்னவோ, இந்த முறை ஒத்துக்கொண்டார்கள். பதிவு திருத்தப்படும், பர்ப்பிள் ஹார்ட் சேர்க்கப்படும் என்று பதில் வந்தது. லூசியனுக்குச் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லக்கூடாது. தபாலில் அனுப்பினால் போதும், விழா எதுவும் வேண்டாம் என்று சொல்லக் குளோதெத்தின் அலுவலகத்துக்குப் போனார். அங்கே போனால் குளோதெத் முகமெல்லாம் சிரிப்பாக நிற்கிறார். படைவீரர் தினத்தன்று மன்றத்தில் ஒரு அதிகாரியே வந்து பதக்கம் குத்தப்போகிறார். வாரப் பத்திரிகைக்கும் சேதி கொடுத்தாயிற்று. லூசியன் சொன்ன காரணத்தை வாசித்துவிட்டுப் பத்திரிகை ஆசிரியர் அழுதேவிட்டாராம், அம்மாவைப் பற்றி முதல் பக்கத்திலேயே போடுகிறாராம். நாளைக்கு வந்துவிடும்.

அம்மா லெயோந்தினுக்குத் தொண்ணூற்றாறு வயது. முதியோர் இல்லத்தில் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, மரண அறிவிப்பில் தொடங்கி உரம் விளம்பரம்வரை, அந்தப் பத்திரிகையில் ஒரு எழுத்தை விடமாட்டார்.

நேரே இல்லத்துக்கு வண்டியை விட்டார். வாசலில் நிறுத்தினார். இறங்கினார். ஏறினார். ஆற்றுப் பாலம்வரை போய்த் திரும்பி வந்தார். உள்ளே போய்த் தாதிப் பெண்ணிடம் அம்மாவின் ரத்த அழுத்தம் எப்படி என்று விசாரித்துவிட்டு மறுபடி வெளியே வந்தார். இத்தனை வருஷம் மூடி வைத்ததை நாளைக் காலையில் எவனோ எழுதி அம்மா வாசிக்கக்கூடாது. அது ஒன்றுதான் அவரை உள்ளே தள்ளியது.

லெயோந்தின் சன்னல் பக்கம் சக்கர நாற்காலியில் இருந்தார். "என்னடா, தரையைத் தேய்க்காம ஒரு இடத்துல நில்லு" என்றார்.

லூசியன் சொன்னார். சன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். குண்டை, கட்டியை, தந்தியை, ஒமேரை. ராணுவ லாரியிலிருந்து விழுந்ததால் நொண்டுகிறேன் என்று ஊர் திரும்பியபோது சொன்னது பொய் என்றார். அம்மாவின் முகத்தை மட்டும் அவர் பார்க்கவே இல்லை.

சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாரோ என்று பயந்து லூசியன் நிமிர்ந்தார். அம்மா அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் இல்லை. கோபம்.

"எந்த மாசம்?"

"பிப்ரவரி, மமா."

"பிப்ரவரியில நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்னு தெரியுமா? உன் அக்கா கல்யாணத்துக்கு உடுப்பு தைச்சுக்கிட்டிருந்தேன். பாட்டுப் பாடிக்கிட்டே தைச்சேன். எம் புள்ள அங்க குப்புறக் கிடக்கான், நான் இங்க பாடிக்கிட்டிருந்திருக்கேன். பாட வச்சுட்டியேடா என்னை."

"நீ தாங்கமாட்டேன்னு நினைச்சேன்."

"ஒரு புள்ள செத்ததைத் தாங்கினவ, ஒரு புள்ள பொழைச்சதைத் தாங்கமாட்டேனா?"

லூசியன் நடப்பதை நிறுத்திவிட்டார்.

"கதவைச் சாத்து. காட்டு" என்றார் லெயோந்தின்.

"மமா, எனக்கு எழுபத்தினாலு வயசு."

"அதை நான் கழுவாத நாளா? காட்டுடா."

கதவைச் சாத்தினார். பெல்ட்டை அவிழ்த்தார். சன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். தழும்பின்மேல் அம்மாவின் உள்ளங்கை பட்டபோது, எத்தனையோ வருஷமாக அழாத மனுஷன் விம்மி விம்மி அழுதார். லெயோந்தின் கையை எடுக்கவில்லை. தையல் போட்டவன் உருப்படுவானா என்று அர்கன்சாக்காரரைத் திட்டினார். பிறகு, "வலிச்சுதா?" என்று கேட்டார்.

"வலிச்சுது, மமா."

"ம்."

லெயோந்தின் மகனின் சட்டையை இழுத்து உள்ளே விட்டு, அவர் முகம் துடைத்துக்கொள்ளும்வரை காத்திருந்தார்.

"படைவீரர் தினத்துக்கு என்னை வண்டியில ஏத்திக்கிட்டுப் போ. அந்த அதிகாரிகிட்ட இப்பவே சொல்லிடு, உன் சட்டையில குத்தவேண்டாம்னு. என்கிட்ட வந்து, என் பேரைச் சொல்லி, என் கையில குடுக்கணும். அந்தச் சேதி எனக்கு வந்திருக்க வேண்டியது."