ஈயக்குண்டுக்கு மேலே ஒரு கிளிப்

என் வீட்டுக்காரர் லோரி ஓட்டுபவர். நெஞ்சில் ஸ்டெண்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது, கொஞ்ச நாளைக்குக் கனமான எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து லூனாஸ் ஊரில் எங்கள் வீட்டில் ஒரு கதவும் சும்மா இருக்கவில்லை. வாசல் கேட்டைத் திறப்பார், மூடுவார். டிவியைப் போடுவார், அணைப்பார். போர்ச்சில் டிரெய்லர் மேல் நிற்கும் போட்டைச் சுற்றி வந்து, மூடியிருக்கும் கென்வாஸை இழுத்துவிட்டு மறுபடியும் உள்ளே வருவார். அவருடைய செருப்புச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, சமையலறையில் எனக்கும் கை ஓடாமல் போனது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சொன்னார்: "நாளைக்குக் கடலுக்குப் போறேன். தம்பி போட் ஓட்டுவான்."

"டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"தூண்டிலுக்குக் கட்டுற ஈயக்குண்டு மட்டுந்தானே கனம். அத யாராச்சும் தூக்கட்டும்."

"யாராச்சும்னா யாரு? ஒங்க தம்பி போட்ட ஓட்டுவாரா, குண்டத் தூக்குவாரா?"

அவர் எழுந்துபோய் டிவியை அணைத்தார். "நான் வர்றேன்" என்று சொன்னேன். அவரை வீட்டில் கட்டிவைக்க முடியாது, தனியே விடவும் மனசு வராது. அவ்வளவுதான் காரணம்.

போட்டின் பின்பக்கத்தில் டவுன்ரிக்கர் என்று ஒன்று பொருத்தியிருந்தார். ஒரு சுருள், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கை, அதன் நுனியில் கப்பி. சுருளிலிருந்து வரும் கயிற்றின் முனையில் ஈயக்குண்டைத் தொங்கவிட்டுக் கடலுக்குள் இறக்க வேண்டும். தூண்டில் நூலைக் குண்டுக்குக் கொஞ்சம் மேலே ஒரு கிளிப்பில் கவ்வவிட்டால், இரையும் குண்டோடு ஆழத்துக்குப் போய், போட்டின் பின்னாலேயே நீந்தி வரும். மீன் கடித்து இழுத்ததும் கிளிப் நூலை விட்டுவிடும். பிறகு தூண்டிலில் மீன் மட்டும்தான், குண்டின் கனம் கிடையாது.

பழைய கம்பி துருப்பிடித்திருந்ததால், புதிதாக முறுக்கான பின்னல் கயிறு வாங்கி வைத்திருந்தார். அதில் எல்லாவற்றையும் புதிதாகக் கோர்க்க வேண்டும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல, நான் செய்வதாகப் பேச்சு. நாற்காலியில் அவர் உட்கார்ந்தால்தானே.

"மொதல்ல ரப்பர். அது இல்லன்னா சுத்துறப்போ எல்லாம் கப்பியில போய் மோதும். அப்புறம் மேல் ஸ்டாப்பர். அப்புறம் கிளிப். அப்புறம் கீழ் ஸ்டாப்பர். ரெண்டு ஸ்டாப்பருக்கு நடுவுல கிளிப் நகராம நிக்கணும்."

ஸ்டாப்பர் என்றால் சின்னப் பாசிமணி மாதிரி இருக்கும். கயிற்றை அதற்குள் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினால் அங்கேயே நின்றுவிடும். நான் பொறுமையாக இறுக்கி, கடைசியில் குண்டை மாட்டும் கொக்கியையும் முடிச்சுப் போட்டு முடித்தேன். அவர் பார்த்துவிட்டு, "ரப்பர் எங்க?" என்றார்.

ரப்பர் என் மடியில் கிடந்தது.

"கழட்டு, கழட்டு. கொடு, நானே செய்றேன்."

"ஒக்காருங்க. நான் வெட்டிட்டுத் திரும்பக் கோர்க்கிறேன்."

மறுபடி கோர்த்தேன். அடுத்தது கிளிப்பின் திருகு. அதை அதிகம் முறுக்கினால் மீன் கடித்தாலும் விடாது, தளர்த்தினால் தண்ணீரின் இழுப்புக்கே விட்டுவிடும். நூலைக் கிளிப்பில் கவ்வவைத்து, மறு முனையைப் பிடித்துக்கொண்டு நான் கேட் வரை நடந்து போய் இழுத்தேன். விடவில்லை. அவர் திருகைத் தளர்த்தினார். தொட்டவுடன் விட்டுவிட்டது. "ரொம்ப லூசு லா" என்று திரும்பவும் முறுக்கினார். பொழுது சாயும்வரை இப்படியே போனது. எதிர்வீட்டு மலாய்க்காரம்மா துணி எடுக்க வந்தவர், என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனார்.

காலையில் தஞ்சோங் டாவாய் பக்கம் போட்டை இறக்கினோம். ஆற்றுவாய் தாண்டும்வரை நான் போட்டின் ஓரத்தைப் பிடித்த கையை எடுக்கவில்லை. தீவுகள் கண்ணுக்குத் தெரிந்ததும் கொழுந்தன் வேகத்தைக் குறைத்தார். நான் குண்டைத் தூக்கிக் கொக்கியில் மாட்டி, நூலைக் கிளிப்பில் கவ்வவைத்து, மெதுவாக இறக்கினேன். கொஞ்ச நேரத்தில் கிளிப் விட்டது. நூலைச் சுற்றி எடுத்துப் பார்த்தால் மீன் இல்லை. திருகை ஒரு பொட்டு முறுக்கி மறுபடி இறக்கினேன். திரும்பவும் விட்டது. ஒவ்வொரு தடவையும் அவர் எழுவார், நான் "ஒக்காருங்க" என்பேன். அவர் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது.

வெயில் ஏறிய பிறகு திடீரென்று டவுன்ரிக்கரின் கை வில்லாக வளைந்தது. போட்டின் பின்பக்கம் தாழ்ந்து தண்ணீர் உள்ளே அடித்தது.

"அடியில எதுலயோ மாட்டிக்கிச்சு அண்ணி" என்று கொழுந்தன் கியரை நியூட்ரலுக்கு மாற்றினார். ஏதோ பழைய வலையாக இருக்க வேண்டும். இஞ்சின் இழுக்காவிட்டாலும் நீரோட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

நான் திரும்புவதற்குள் அவர் எழுந்து வந்து கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிட்டார். கழுத்து நரம்பு புடைத்தது.

"கைய எடுங்க."

"விடு, வந்துரும்."

"கைய எடுங்கன்னு சொல்றேன்ல."

அந்தக் குரல் எனக்கே புதிது. அவர் கையை எடுத்தார். மீன் வெட்டும் கத்தியால் கயிற்றை அறுத்தேன். போட் ஒரு குலுக்குக் குலுக்கி நிமிர்ந்தது. குண்டு, ஸ்டாப்பர், கிளிப் எல்லாம் கடலோடு போயின. தூண்டில் நூல் மட்டும் அடியில் கிளிப்போடு இருந்தது. தடியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன். இந்த முறை கிளிப் சரியாக விட்டது. இரை பத்திரமாக மேலே வந்தது.

அவர் ஐஸ்பெட்டி மேல் உட்கார்ந்து நெஞ்சில் கை வைத்திருந்தார். நான் அவர் முன்னால் குந்தினேன்.

"வலிக்குதா?"

"இல்ல."

"பொய் சொல்லாதீங்க."

"வலி இல்ல. பயமா இருக்கு." தம்பிக்குக் கேட்காத குரலில் தொடர்ந்தார். "படுத்தா அது துடிக்கிற சத்தந்தான் கேக்குது. எப்ப நிக்கும்னே காத்துக்கிட்டு இருக்கிற மாதிரி. நடந்துக்கிட்டு இருந்தா கேக்கல."

இத்தனை நாள் அவர் கேட்டையும் கதவையும் படுத்திய பாட்டுக்கு நான் என்னென்னவோ காரணம் நினைத்திருந்தேன். இதை மட்டும் நினைக்கவில்லை. கயிறு அறுத்திருந்த அவர் உள்ளங்கையைக் குடிதண்ணீர் ஊற்றிக் கழுவினேன். கொழுந்தன் எங்களைப் பார்க்காமல் போட்டைக் கரைக்குத் திருப்பினார்.

அடுத்த தடவை மருத்துவமனைக்குப் போனபோது அந்தப் பயத்தை டாக்டரிடம் நானே எடுத்துச் சொன்னேன். நிறையப் பேருக்கு இப்படி இருக்கிறது என்றார். அதைக் கேட்டதும் என் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் கோபம், கொஞ்சம் நிம்மதி. நடை குறைந்தது, நிற்கவில்லை.

எனக்குத்தான் இப்போது வேறு தொல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிரசங்கம் நடக்கும்போது, கீழ் ஸ்டாப்பரை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினால் என்ன என்று மனம் ஓடுகிறது. புதுக்கயிற்றை நானே கோர்த்தேன், ரப்பரை முதலில் போட்டு.

மூன்றாம் முறை போனபோது கிளிப் விட்டது. தடி நிமிர்ந்து, உடனே மறுபடி வளைந்தது. ரீல் கத்திக்கொண்டு ஓடியது. தூண்டிலைப் பிடிக்கலாமென்று அதற்குள் டாக்டர் அனுமதித்திருந்தார். என் வீட்டுக்காரர் உட்கார்ந்தபடியே சுற்றினார், நிறுத்தினார், சுற்றினார். நான் அவர் உதட்டின் நிறத்தையும் மூச்சையும் பார்த்துக்கொண்டே நின்றேன். போட்டுக்குப் பக்கத்தில் பெரிய தெங்கிரி மீன் ஒன்று வெள்ளையாகப் புரண்டது.

"என் மூஞ்சிய என்னா பாத்துக்கிட்டு நிக்கிற" என்றார். "மீனப் பாரு."