அத்தை உட்கார்ந்த பெட்டி

ராஜபாளையத்தில் நாங்கள் இருந்த வீட்டு முற்றத்தில் நாற்பது தோட்டாப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. எல்லாம் காலி. பட்டாளத்தில் தோட்டா நனையாமல் வைக்கிற பச்சை இரும்புப் பெட்டிகள். மூடியில் வெடித்துப்போன பழைய ரப்பரைச் சுரண்டிவிட்டுப் புது ரப்பர் ஒட்டித் தருவது கான்ட்ராக்டர் அத்தைக்குக் கொடுத்த வேலை. பள்ளிக்கூடம் போகாத நாட்களில் நானும் ஒட்டுவேன். போகாத நாட்களே அதிகம்.

ரப்பரை இழுத்து ஒட்டக் கூடாது. கொஞ்சம் கூடுதலாக வெட்டி, தளர்வாக வைத்து அமுக்க வேண்டும். இழுத்தால் இரண்டு நாளில் சுருங்கி, முனைகள் சேரும் இடத்தில் வாய் பிளந்துவிடும். எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு துண்டை இரண்டு விரற்கடை குறைத்து வெட்டிவிட்டேன். ரப்பர் அளந்துதான் வரும். இன்னொன்று கேட்டால் அடி விழும். இழுத்துச் சேர்த்துவிட்டு அந்தப் பெட்டியைக் கீழ் வரிசையில் தள்ளினேன்.

சோதனை போடுகிறவர் வரவிருந்த காலையில் அத்தை ஒவ்வொரு பெட்டியாக இறக்கித் திறந்து, மூடி ரப்பரில் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். கடைசிப் பெட்டியில் விரல் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மறுபடி ஒட்டினால் காய ஒரு பகல் ஆகும். வாசலில் பைக் சத்தமும் பின்னாலேயே லாரிச் சத்தமும் கேட்டன. மூடியைச் சாத்தி, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சோதனை போடுகிறவர் நாற்பதில் ஒன்றை எடுப்பார். உள்ளே தாள் வைத்து மூடி, தொட்டித் தண்ணீரில் அமுக்குவார். தாள் நனைந்தால் நாற்பதும் தள்ளுபடி, கூலி கிடையாது.

அவர் முற்றத்தைச் சுற்றிவந்து அத்தைக்கு முன்னால் நின்றார்.

"செத்த எந்திரிம்மா. அதக் குடு."

"எந்திரிச்சா பொறவு நீங்கதான் தாங்கணும் சார். விடியமுன்ன குத்தவச்ச முட்டி, ஏலல. அம்புட்டுப் பெட்டி கெடக்கு, நான் உக்காந்ததுதான் ஒங்க கண்ணுல படுதா?"

லாரியோடு வந்திருந்த கான்ட்ராக்டர் சிரித்தார். சோதனை போடுகிறவரும் சிரித்துவிட்டுப் பக்கத்துப் பெட்டியை எடுத்தார். அது தண்ணீருக்குள் கிடந்த நேரம் முழுக்க அத்தை முட்டியைத் தேய்த்தபடி தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றுக்கு முட்டியது. நகரவில்லை.

தாள் மொறமொறவென்று வெளியே வந்தது. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு பைக்கில் கிளம்பிவிட்டார்.

லாரியில் முப்பத்தொன்பது ஏறின. அத்தை எழவில்லை.

"எந்திரி தாயி, வண்டி போவணும்" என்றார் கான்ட்ராக்டர்.

"இது போவாது அண்ணாச்சி."

"அதான் பாஸ் ஆயிட்டுல்ல?"

"ஆயிட்டு. இது போவாது."

"ஒண்ணு கொறஞ்சா அங்கன நான் என்ன சொல்ல? அடுத்த லோடு ஒனக்கு வேணுமா, வேண்டாமா?"

அத்தை பெட்டியின் மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். லாரி போய்விட்டது.

அடுத்த லோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறொரு வீட்டுக்குப் போனது. எங்களுக்கு அதன்பிறகு வரவேயில்லை. அந்த வருடமே நான் பள்ளியை விட்டு மில்லுக்குப் போனேன். அப்புறம் திருப்பூர், ஈரோடு என்று ஊர் ஊராக.

அன்று அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அத்தை கத்தியை எடுத்து, நான் ஒட்டிய ரப்பரைச் சுரண்டத் தொடங்கினாள்.

"பாஸ் ஆன பெட்டிதானத்தே, அனுப்பியிருக்கலாம்ல?" என்றேன்.

"ஏட்டி, இதத் தெறக்கப்போறவன் எவன்னு நெனச்ச?"

"அந்த சார்தான்" என்றேன். சரியான பதில்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு.