பதினேழாம் இருக்கையின் நாற்பத்தெட்டு நொடி

அந்தத் தையல் ஆலையில் அவருக்கு நொடியார் என்று பெயர் வைத்தவர்கள் தையல் பெண்கள். அதில் மரியாதை பாதி, எரிச்சல் பாதி. அவர் வேலை அப்படி. ஒரு சட்டைக்குக் காலர் வைத்துத் தைக்க எத்தனை நொடி ஆகிறது என்று பக்கத்தில் நின்று அளப்பார், தாளில் எழுதுவார், போய்விடுவார். அடுத்த வாரம் அந்த எண் டார்கெட்டாகத் திரும்பி வந்து எல்லோர் தலையிலும் ஏறி உட்காரும். இருபத்திரண்டு வருஷமாக இதே பிழைப்பு. மனுஷன் யாரையும் அதட்டியதில்லை, யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. ஆனாலும் கையில் ஸ்டாப்வாட்சோடு வருகிறவரைப் பார்த்துச் சிரிக்க யாருக்கு மனசு வரும்?

வீட்டிலும் அதே கதைதான். பால் பொங்க எவ்வளவு நேரம், குளிக்க எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாதது இல்லை. அவர் மனைவியும் அதே ஆலையில் நாலாவது லைனில் காலர் தைக்கிறவள். கல்யாணத்துக்கு முன்னால் அவளை அளக்க மட்டும் நொடியார் மூன்று நாள் எடுத்துக்கொண்டார் என்று லைன் முழுக்க ஒரே பேச்சு. "உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கட்டியிருக்கலாம், அதுக்குத் துணி துவைச்சுப் போட வேண்டாம்" என்று அவள் சொல்லும்போது அவருக்குக் கோபம் வந்ததே கிடையாது. தன் வேலையில் தான் நியாயஸ்தன் என்று அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது. அளந்த நேரத்தை அப்படியே எழுத மாட்டார். அலுப்புக்கு, தண்ணீர் குடிக்க, அறுந்த நூலைக் கோக்க என்று கொஞ்சம் கூட்டித்தான் கொடுப்பார். மனுஷ உடம்பு என்றால் அதற்கு ஒரு சலுகை உண்டு, அதைக் கொடுக்காதவன் அளக்கவே கூடாது என்பது அவர் கட்சி.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புது மேனேஜர் வந்தார். கெட்டவர் இல்லை, கெட்டிக்காரர். வந்த வாரமே எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினார். மலிவு, வேகம், நேர்த்தி, கேட்டபடி மாற்றிக் கொடுப்பது, இந்த நாலிலும் ஒரே ஆலை ஜெயிக்க முடியாது. எதில் ஜெயிக்கப் போகிறோம் என்று முடிவு பண்ணிவிட்டு மற்றதை அதற்குத் தகுந்தாற்போல் அமைக்க வேண்டும் என்றார். விலையில் நம்மை அடிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், ஆகவே வேகம்தான் நம் வழி. ஆர்டர் வந்த பத்தாம் நாள் சரக்கு லாரியில் ஏற வேண்டும். நொடியாருக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. தான் இத்தனை வருஷம் யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்த பேச்சு என்றே தோன்றியது.

அடுத்த மாதம் ஒவ்வொரு லைன் தலைப்பிலும் ஒரு மின்போர்டு வந்தது. எந்த இருக்கையில் இந்த மணிக்கு எத்தனை உருப்படி என்று சிவப்பு எழுத்தில் ஓடும். அதைப் பார்த்துத்தான் மேனேஜர் பதினேழைக் கண்டுபிடித்தார்.

இரண்டாவது லைன், பதினேழாம் இருக்கை. காலர் தைப்பதுதான் சட்டையிலேயே மெதுவாக நடக்கிற வேலை. அந்த இடத்தின் வேகம் எதுவோ அதுதான் லைனின் வேகம். ஆறு லைனிலும் ஆறு காலர்காரிகள். ஐந்து பேர் ஒரு காலருக்கு அறுபத்திரண்டு நொடி எடுத்தார்கள். பதினேழு மட்டும் நாற்பத்தெட்டு. ஆறு பேரும் நாற்பத்தெட்டுக்கு வந்துவிட்டால் பத்து நாள் கணக்கு சரியாக உட்காரும். மேனேஜர் நொடியாரைக் கூப்பிட்டார். திங்கட்கிழமை ஆர்டர் தருகிற கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள், அவர்கள் கண்ணால் பதினேழைப் பார்க்கட்டும், அது முடிந்த கையோடு மற்ற ஐந்து பேரையும் அளந்து நாற்பத்தெட்டுக்குக் கொண்டுவந்து கையெழுத்துப் போடுங்கள் என்றார். இந்த ஆர்டர் கைநழுவினால் இரண்டு லைனை மூட வேண்டி வரும் என்பதையும் சொன்னார். முதலில் நாலாவது லைன். அதாவது, நொடியாரின் மனைவி.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பதினேழின் பழைய கணக்கைப் பார்த்துவிடுவோம் என்று நொடியார் உட்கார்ந்தார். மணிக்கு எழுபத்தைந்து. சரி. அடுத்த மணிக்கு எழுபத்தைந்து. சாப்பிட்டு வந்து கண் சொருகுகிற மணியிலும் எழுபத்தைந்து. திங்கட்கிழமையும் அதே, சனிக்கிழமையும் அதே. மின்விசிறி கெட்டுப்போய் மூன்று பேர் மயங்கி விழுந்த அந்தச் செவ்வாய்க்கிழமையும் அதே. இருபத்திரண்டு வருஷத்தில் நொடியார் இப்படி ஒரு தாளைப் பார்த்ததில்லை. மனுஷக் கை என்றால் ஏறும், இறங்கும், கொஞ்சம் திருடும். இதில் ஒரு நொடி திருட்டு இல்லை. 

மறுநாள் போய்ப் பக்கத்தில் நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு. கை அது பாட்டுக்குத் தைத்தது; கண் மட்டும் துணியில் இல்லை, எதிரே வெறும் சுவரில் இருந்தது. ஒவ்வொரு காலர் முடியும்போதும் ஒரே ஒரு தடவை இமைத்தாள். நொடியார் இருபது காலர் எண்ணினார், இருபது இமைப்பு. அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. எல்லோரும் சோம்பல் முறித்து எழுந்தார்கள், பேச்சும் சிரிப்புமாகக் கூடம் கலகலத்தது. பதினேழின் ஊசி அசையாமல் நின்றது. அவள் கைகள் மட்டும் அசையாத ஊசிக்குக் கீழே துணியைத் தள்ளி, திருப்பி, எடுத்து, அடுத்ததை வைத்தன. நாலு நிமிஷம் கழித்துத்தான் கரண்ட் வந்தது. அந்த மணி முடிந்ததும் நொடியார் அவள் கூடையைக் கொட்டி எண்ணினார். எழுபத்தைந்து. மறுபடி எண்ணினார். எல்லாம் தைத்து முடித்த காலர்கள்.

பக்கத்து இருக்கைக்காரியிடம் கேட்டார். அவள் பதினேழின் பக்கம் திரும்பாமலே பதில் சொன்னாள். அந்த அக்கா யாரோடும் பேசுவதில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, முதலில் பயமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது, ஆனால் கை படாமல்தான் துணியை வாங்கிக்கொள்வேன் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "ஜில்லுன்னு இருக்கும் சார்" என்றாள்.

சாப்பாட்டு மணி அடித்ததும் நொடியார் பதினேழின் எதிரே போய் உட்கார்ந்தார். இந்த வேகம் எப்படி வந்தது, யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று நயமாகக் கேட்டார். அவள் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. கடைசிக் கவளத்தை விழுங்கிவிட்டு, யாரோ உள்ளேயிருந்து சொல்லிக்கொடுத்ததுபோல் பேசினாள்.

"நீங்கதானே சார் சொன்னீங்க. நான் சொல்ற வரைக்கும் இதே வேகத்துல தைம்மான்னு. அப்புறம் நீங்க ஒண்ணும் சொல்லலையே."

நொடியார் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இந்த அம்மாவை அவர் அளந்திருக்கிறார். முப்பது காலர் அளக்க வேண்டும். பத்து அளப்பதற்குள் அப்போதைய மேனேஜர் ஆளனுப்பிக் கூப்பிட்டார். இதே வேகத்தில் தைத்துக்கொண்டிரு, வந்து சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்பினார். வந்து பார்த்தால் அறுபதுக்கு மேலே இருந்தவள் நாற்பத்தெட்டில் தைக்கிறாள். தலைகால் புரியவில்லை அவருக்கு. மிச்சம் இருபதையும் எழுதிக்கொண்டு, அதைக் காட்ட ஆபீசுக்கு ஓடினார். அந்த மேனேஜர் கொஞ்ச நாளில் மாறிப்போனார், தாள் அலமாரிக்குள் போனது.

அளந்து முடித்ததும் "போதும்மா" என்று ஒரு வார்த்தை சொல்வது நொடியார் வழக்கம். பக்கத்தில் ஆள் நின்றால் யாருக்கும் உடம்பு முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு இறங்க ஒரு சொல் வேண்டும். எத்தனையோ நூறு பேரிடம் சொன்ன சொல். அன்றைக்கு இவளிடம் சொல்லவில்லை.

இப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் திங்கட்கிழமை கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள், இரண்டு லைன் மூடும் என்கிறார் மேனேஜர், ஒரு வார்த்தையில் இத்தனை பேர் பிழைப்பைக் கெடுப்பதா என்று ஒரு யோசனை. அதைவிடப் பெரிய காரணம் பயம். சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியவில்லை. மணி அடித்தது, அவள் எழுந்து போனாள், இவர் கோழையாக உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனசு கேட்காமல் அவள் வீட்டைத் தேடிப் போனார். கதவைத் திறந்தது அவள் மகள். நர்சிங் முதல் வருஷம் படிக்கிறாளாம், அம்மாவைவிட ஒரு பிடி உயரம். உள்ளே அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் கைகள் எதையோ தள்ளி, திருப்பி, எடுத்து வைத்தபடி இருந்தன. மகள் அவளைத் தாண்டிப் போகும்போது மேசை நாற்காலியைத் தாண்டுகிற மாதிரிதான் போனாள். பதினேழின் புருஷன் பஸ் டிரைவர். நொடியாரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தால், அவர் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"தூங்கறப்பவும் கை ஓடும் சார். முதல்ல டாக்டர்கிட்ட எல்லாம் காட்டினோம். ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. சமைப்பா, வேலைக்குப் போவா, வருவா. எல்லாம் சரியாத்தான் பண்றா. ஆனா வீட்டுல அவ இல்லை சார்."

மகள் கடைசியாக அம்மாவோடு பேசியது எப்போது என்று நொடியார் கேட்டார். நாலாங் கிளாஸ் படிக்கும்போது என்றாள் அந்தப் பெண், வெளியே பார்த்துக்கொண்டு.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தால் மனைவி ஏக உற்சாகத்தில் இருந்தாள். நாளைக்கு அளக்கப்போகும் சேதி அவளுக்கும் வந்துவிட்டது. "அந்தக்காவால முடியும்னா என்னால முடியாதா? நீங்க பக்கத்துல வந்து நின்னு சொல்லுங்க, நான் தைச்சுக் காட்டறேன்" என்றாள். வேண்டாம் என்றார். ஏன், பெண்டாட்டி பேர் வாங்கினால் வயிற்றெரிச்சலா என்று சீண்டினாள். அவர் அவள் கையைப் பிடித்துப் பார்த்தார், சூடாக இருந்தது. அதை விடவே அவருக்கு மனசில்லை. இந்த மனுஷனுக்கு என்ன வந்தது என்று அவள்தான் கையை உருவிக்கொண்டாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கம்பெனிக்காரர்கள் நாலு பேர் வந்தார்கள். பதினேழைச் சுற்றி நின்றார்கள். மேனேஜர் போர்டைக் காட்டி விளக்கினார். அவர்களில் ஒருவர் தன் போனிலேயே நேரம் பார்த்தார், நாற்பத்தெட்டு. மறுபடி பார்த்தார், நாற்பத்தெட்டு. நாலு பேரும் தலையாட்டினார்கள். நொடியார் கையில் கையெழுத்துப் போட வேண்டிய தாள் இருந்தது. ஐந்து இருக்கை, ஐந்து காலிக் கட்டம். அங்கிருந்து பார்த்தால் நாலாவது லைனில் அவர் மனைவி தெரிந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தன் முறைக்குத் தயாராக, இந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தாள்.

நொடியார் பதினேழின் காதருகே குனிந்தார்.

"போதும்மா."

ஊசி பாதித் தையலில் நின்றது. கைகள் இரண்டும் மடியில் விழுந்தன. போர்டில் முப்பத்தொன்று என்ற எண் அப்படியே நின்றது. அவள் மூச்சை இழுத்துவிட்டாள். தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவள்போல் இருந்தது அது. பிறகு சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். புறங்கையில் தெரிந்த நரம்பை ஒரு விரலால் தடவினாள். அது யாருடைய கை என்று யோசிப்பதுபோல் இருந்தது.

மேனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது. நொடியாரின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "என்ன சார் பண்றீங்க? திரும்பத் தைக்கச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க" என்றார்.

கேட்பாள். அதுதான் நொடியாரைக் கொன்றது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் உட்கார்ந்து தைப்பாள், ஆர்டர் கிடைக்கும், இரண்டு லைன் பிழைக்கும். அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"முடியாது சார். காலருக்கு அறுபத்திரண்டு நொடி. அதுக்கு மேல அலுப்புக்கு நாலு. இதுதான் கணக்கு."

அதற்குள் பதினேழு எழுந்து நின்றிருந்தாள். மெஷின் அடியிலிருந்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக நொடியாரின் முகத்தை நேராகப் பார்த்தாள். கண்ணில் அப்படி ஒரு பதற்றம்.

"சார், மணி என்ன? ஸ்கூல்ல இருந்து போன் வந்துச்சுன்னு சொன்னாங்க. பாப்பாவுக்குக் காய்ச்சலாம். நீங்க அளந்து முடிக்கட்டும்னுதான் சொல்லாம இருந்தேன். வாசல்லயே நின்னு அழுதுக்கிட்டு இருப்பா."

நாலு லைன் தள்ளி மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன; இந்த லைனில் ஒன்றும் ஓடவில்லை.

அவர் பதில் சொல்லாததை அவள் கோபம் என்று நினைத்துக்கொண்டாள். கெஞ்சுகிற குரலில், "அரை நாள் மட்டும் லீவு எழுதிக்கோங்க சார். நாளைக்குக் காலைல கரெக்டா வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, வாசலைப் பார்த்து ஓட ஆரம்பித்தாள்.