மேட்டு வீடுகளுக்குப் பஸ் விட்டவர்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அப்பாவை மிகவும் நேசித்தவர்கள். சிலர் ஒரு காலத்தில் அவரோடு பேச்சை நிறுத்தியவர்கள். அவருக்கு எதிராக வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டவர்கள்கூட இன்று டர்பனிலிருந்து துபாய் வரை விமானம் ஏறி வந்திருக்கிறீர்கள். முதலாண்டு நினைவு நாளில் இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்தால் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருப்பார். ஆகவே அவரைப் பற்றி நல்லதை மட்டும் பொறுக்கி எழுத எனக்கு மனம் வரவில்லை. மகள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததையும், அவரே சொன்னதையும், அவருடைய அக்காவான என் அத்தை சொன்னதையும் எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரை ஒட்டிய கேட்டோ மேனரில். தாத்தாவுக்குக் காய்கறித் தோட்டம் இருந்தது. இனவாரியாக மக்களைப் பிரித்துக் குடியேற்றும் சட்டம் வந்தபோது அந்தத் தோட்டத்தையும் வீட்டையும் விட்டுவிட்டுக் குடும்பம் முழுவதும் சாட்ஸ்வொர்த்துக்கு மாற வேண்டியதாயிற்று. அப்போது அப்பா சிறுவர். லாரியில் ஏற்ற இடமில்லை என்று விட்டுவந்த கோழிகளைப் பற்றி வயதான பிறகும் கோபமாகப் பேசுவார். வீட்டைப் பிடுங்கியதைப் பற்றிப் பேச மாட்டார். கோழிகளைப் பற்றித்தான் பேசுவார்.

படிப்பைப் பாதியில் நிறுத்தி வேறொருவருடைய பஸ்ஸில் கண்டக்டரானார். பிறகு டிரைவர். பிறகு பழைய பஸ் ஒன்றுக்குச் சொந்தக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் அடியில் படுத்துத் தாமே ரிப்பேர் செய்வார் என்றும், சாப்பாட்டுத் தட்டைப் பஸ்ஸுக்கு அடியில் நீட்ட வேண்டியிருக்கும் என்றும் அத்தை சொல்வார்.

நாட்டில் எல்லோருக்கும் ஓட்டுரிமை வந்த பிறகு நடந்த நகர்மன்றத் தேர்தலில் எந்தக் கட்சியிலும் சேராமல் தனித்து நின்று வென்றார். அவருடைய வார்டில் மேட்டின் உச்சியில் புதிதாக வீடுகள் கட்டி ஏழைக் குடும்பங்களைக் குடியேற்றியிருந்தார்கள். பெரும்பாலும் ஜூலு மக்கள், கொஞ்சம் நம்மவர்கள். அந்தச் செங்குத்தான சாலையில் பஸ் விட எந்த முதலாளியும் முன்வரவில்லை. கர்ப்பிணிகள்கூட ஆஸ்பத்திரிக்கு நடந்து இறங்கினார்கள். அப்பா தம்முடைய பஸ்ஸையே அந்த வழியில் விட்டார். நகர்மன்றம் அதற்கு மானியம் கொடுப்பதாகத் தீர்மானம் வந்தபோது, உறுப்பினராக உட்கார்ந்து தாமே ஆதரித்து ஓட்டும் போட்டார்.

அவருடைய வாழ்க்கையின் பெரிய சர்ச்சை இதுதான். தமக்குத் தாமே ரூட் கொடுத்துக்கொண்டார் என்று புகார் எழுந்தது. கையூட்டும் கைமாறியது என்றார்கள். பத்திரிகையில் படம் வந்தது. புகார் கொடுத்தவர் அந்த வார்டில் எல்லோரும் மதித்த பள்ளி ஆசிரியை மிஸஸ் நாயுடு. அப்பா கோபத்தில் பதவியை ராஜினாமா செய்தார். பஸ்ஸைத் தம்முடைய டிரைவரிடமே ஒப்படைத்து, மேட்டுக்குப் போவதை நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டுத் துபாய்க்கு வந்துவிட்டார். விசாரணை தொடங்கும் முன்பே அவர் புறப்பட்டதால், 'ஓடிப்போனவர்' என்ற பெயர் சாட்ஸ்வொர்த்தில் நிலைத்துவிட்டது.

துபாயில் அல் குசைஸில் ஒரு அறை, ஒரு பழைய பஸ். தொழிலாளர்களை அவர்கள் தங்கும் கேம்ப்பிலிருந்து கட்டடம் எழும்பும் சைட்டுக்கு ஏற்றிச் செல்லும் வேலை. முதுகு பிடித்துக்கொண்டு ஒருநாள் கிளினிக்குக்குப் போனவரிடம், அங்கே நர்ஸாக இருந்த தென்காசிக்காரப் பெண் தமிழில் பேசினார். அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை. "எனக்குத் தெரிந்த தமிழெல்லாம் என் அம்மா என்னைத் திட்டிய தமிழ்தான், கொஞ்சம் நல்ல தமிழ் சொல்லிக் கொடுப்பீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாராம். அந்த நர்ஸ்தான் என் அம்மா. கல்யாணத்துக்குப் பிறகு அப்பா அம்மாவின் தென்காசிப் பேச்சையும், துபாயில் தம்மிடம் முதலில் வேலைக்குச் சேர்ந்த டிரைவர் முருகேசன் மாமாவின் ராமநாதபுரத்துப் பேச்சையும் கலந்து தமக்கென்று ஒரு தமிழை உண்டாக்கிக்கொண்டார். கேட்பவர்கள் எந்த ஊர் என்று தெரியாமல் விழிப்பார்கள்.

விசாரணை இழுத்துக்கொண்டே போய், நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் அழைப்பு வந்தது. வரத் தேவையில்லை, எழுத்தில் பதில் அனுப்பினால் போதும் என்று வக்கீல் சொன்னார். போனால் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு என்றார். அப்போதுதான் ஒரு பெரிய கட்டடக் கம்பெனியின் கான்ட்ராக்ட் கிடைத்திருந்தது. காலையில் ஒரு ட்ரிப் தவறினாலும் கலாஸ், கான்ட்ராக்ட் ரத்து என்று சொல்லியிருந்தார்கள். அப்பா சாப்பாட்டு மேசையில் அழைப்புக் கடிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

அம்மாதான் பேச்சைத் தொடங்கினார்.

"ஓடிட்டாருன்னு சொல்லுதாங்கல்லா? எழுதி அனுப்புனா அது நெசம்னு ஆயிரும். போய் நின்னு பதில் சொல்லிட்டு வாங்க."

"போணும்னுதான் இருக்கு. பஸ் யாரு பாக்குறது? நீ டியூட்டிக்குப் போணும், பிள்ளை இருக்கா..."

"பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன். லீவு போடுதேன்."

கதவோரமாக நின்ற முருகேசன் மாமா குறுக்கிட்டார். "மொதலாளி, வண்டியப் பத்தி ரோசனை பண்ணாதீக. நீங்க வர்ற வரைக்கும் ஒரு ட்ரிப்பு தவறாது. தவறுனா நான் இந்த ஊர்லயே இருக்க மாட்டேன்."

"மொதலாளின்னு கூப்பிடாதீகன்னு எத்தன தடவ சொல்றது?" என்றார் அப்பா. அதுதான் அவர் போக முடிவெடுத்துவிட்டார் என்பதற்கு அடையாளம்.

விசாரணை அந்த வார்டின் சமூகக் கூடத்தில் நடந்தது. அத்தை முன்வரிசையில் இருந்தார். பேச்செல்லாம் ஆங்கிலம். அத்தை எனக்குச் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

அப்பா உள்ளே வந்ததும் சிலர் கூச்சல் போட்டார்கள். அவர் எல்லோரையும் பார்த்துத் தலையசைத்துவிட்டு நின்றார். விசாரணைத் தலைவர் கேட்டார்:

"இந்த வழித்தடத்துக்கு ஓட்டெடுப்பு நடந்தபோது நீங்கள் அறையில் இருந்தீர்களா?"

"இருந்தேன்."

"கை தூக்கினீர்களா?"

"தூக்கினேன். முதலில் எழும்பிய கை என்னுடையதுதான்."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. தலைவர் சிரிக்கவில்லை. "அது முறையா?"

"முறையில்லை. எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். அன்றைக்கு அது என் புத்திக்கு எட்டவில்லை, யாராவது சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அதற்காக என்ன தண்டனை என்றாலும் ஏற்கிறேன். ஆனால் பஸ் விட்டதற்காக மன்னிப்புக் கேட்கச் சொல்லாதீர்கள். கேட்க மாட்டேன். லஞ்சம் வாங்கினேன் என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொல்லட்டும்."

யாரும் சொல்லவில்லை. மிஸஸ் நாயுடு எழுந்தார். அவர் வாயைத் திறந்தால் தம்பியின் கதை முடிந்தது என்று அத்தை கையைப் பிசைந்துகொண்டாராம்.

"புகார் கொடுத்தது நான்தான்," என்றார் மிஸஸ் நாயுடு. "நாளைக்கே இப்படி நடந்தாலும் மறுபடி கொடுப்பேன். விதி என்றால் எல்லோருக்கும் விதிதான். ஆனால் இவர் ஓடிப்போனார் என்று இனி யாரும் என் காதுபடச் சொல்லக் கூடாது. மனிதர் இதோ நிற்கிறார்."

விதியை மீறியதற்காக அப்பாவைக் கண்டித்துத் தீர்ப்பு வந்தது. கையூட்டுக் குற்றச்சாட்டு தள்ளுபடியானது. அவர் வெளியே வந்தபோது, மேட்டு வீடுகளின் ஜூலுப் பெண்கள் வாசலில் காத்திருந்தார்கள். அதே பஸ்ஸில் இறங்கி வந்தவர்கள். ஒருவர் பாடத் தொடங்க, எல்லோரும் கை தட்டிச் சேர்ந்து பாடினார்கள். அப்பாவுக்கு ஆடத் தெரியாது. அன்று ஆடினார். மிஸஸ் நாயுடு தள்ளி நின்று பார்த்துவிட்டு, "கவுன்சிலர், அன்று கை தூக்கியதைவிட இந்த ஆட்டம் இன்னும் மோசம்" என்று சொல்லிப் போனாராம்.

துபாய் விமான நிலையத்தில் டிரைவர்கள் யூனிபாரத்தோடு வந்து நின்றார்கள். நான் முருகேசன் மாமாவின் கையைப் பிடித்திருந்தேன். அப்பா என்னைத் தூக்குவதற்கு முன்பே, "ட்ரிப்?" என்று கேட்டார்.

"ஒண்ணுகூடத் தவறல மொதலாளி. நம்ம பய ஒருத்தனுக்குக் காய்ச்சல், அவன் வண்டியையும் நானே ஓட்டுனேன். ஆபீஸ் போனு பூராம் அக்காதான். அந்த மேனேஜர் 'காடி கிதர், காடி கிதர்'னு வண்டியக் கேட்டுக் கத்துனாப்ல. அக்கா ஒரே அதட்டு, ஆளு கப்சிப்."

"எனக்குத் தெரிஞ்ச இந்தி அம்புட்டும் அன்னைக்கே தீந்துபோச்சு" என்றார் அம்மா. நிலையத்தின் நடுவில் நின்று அப்பா சத்தமாகச் சிரித்தார். பிறகுதான் என்னைத் தூக்கினார். அவருடைய கன்னம் நனைந்திருந்தது.

அதன் பிறகு கம்பெனி வளர்ந்தது. சவூதியின் தம்மாமுக்கும் ஓமானின் சலாலாவுக்கும் வண்டிகள் போயின. சாரல் காலத்தில் பயணிகளை ஏற்றிச் செல்லச் சலாலாவில் கிளை தொடங்கியதே, அங்கே முதன்முதலாக மழைத் தூறலில் நின்ற அம்மா "அப்படியே குத்தாலம்லா இது!" என்று சொன்னதற்காகத்தான் என்று நாங்கள் கேலி செய்வோம். ஒரு சீட்டுக்கு ஒருவர் என்ற விதியை அப்பா ஒருநாளும் தளர்த்தவில்லை. நின்றுகொண்டு வரட்டும் என்று சொன்ன கம்பெனிகளை வேறு ஆள் பார்க்கச் சொன்னார்.

அல் குசைஸில் தேர்தல் இல்லை. ஆனாலும் அப்பா கடைசி வரை கவுன்சிலராகவே இருந்தார். தொழிலாளர்கள் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் நிழல் இல்லை என்றால் அலுவலகம் அலுவலகமாகப் போய் உட்கார்ந்துவிடுவார். அங்கிருந்தவர்கள் முதலில் டீ கொடுத்தார்கள், பிறகு ஒளிந்துகொண்டார்கள், கடைசியில் நிழற்குடை வைத்தார்கள். கோபம் அதிகம், பிடிவாதம் அதைவிட அதிகம். தம்பியும் நானும் என்ன படிக்க வேண்டும் என்பதில் அவர் எங்களோடு போட்ட சண்டையில் தோற்றார். தோற்ற மறுநாள் எங்கள் பக்கத்து வாதத்தை உறவினர்களிடம் தம்முடையதுபோலப் பேசிக்கொண்டிருந்தார்.

இதயம் பலவீனமடைந்து ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி வாரத்திலும், பார்வையாளர் நேரம் ஏன் இவ்வளவு குறைவு, ஷிப்ட் முடிந்து வரும் தொழிலாளி எப்போது வந்து பார்ப்பான் என்று டாக்டரிடம் வாதாடினார். டாக்டர் விட்டுக்கொடுத்தார். அன்று மாலை டிரைவர்கள் எல்லோரும் வரிசையாக வந்து பார்த்தார்கள். ஒவ்வொருவரையும் பேர் சொல்லி, ஊர் சொல்லி விசாரித்தார். மறுநாள் காலையில், அம்மா தலை வாரிவிட்டுக்கொண்டிருக்கும்போது, அமைதியாகக் கண்களை மூடினார்.

அப்பாவைப் பொறுமையோடு கவனித்த மருத்துவர்களுக்கும் அம்மாவின் பழைய தோழிகளான செவிலியர்களுக்கும், தகன மேடை வரை தோள் கொடுத்த முருகேசன் மாமாவுக்கும் டிரைவர்களுக்கும், அஸ்தியை டர்பன் கடலில் கரைக்கத் என் தம்பியோடு சென்ற அத்தைக்கும், சமையற்கட்டைத் தாங்கிக்கொண்ட அல் குசைஸ் அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது. இன்னொரு நன்றியும் உண்டு. அப்பாவைத் திட்டியவர்களே, புகார் கொடுத்தவர்களே, எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களே, உங்களுக்கும் நன்றி. உங்களோடு வாதாடுவதற்காகவே அவர் ஒவ்வொரு நாளும் உற்சாகமாக எழுந்தார். வந்தவர்கள் எல்லோரும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அவரைப் பற்றிச் சண்டை போடுவதாக இருந்தால், தயவுசெய்து பந்தியிலேயே போடுங்கள்.